77 சதவீதம்: துணுக்கில் வராத பாதி

நாவலூரில் எங்க அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒரு அக்கா, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தித் துணுக்கை அனுப்பி, "ஆபரேஷன் பண்ணா நூத்துக்கு 77 பேருக்கு வலிப்பு நின்னுடுதாமே, நிஜமா தம்பி?" என்று கேட்டார். அவர் பையனுக்கு இப்போது மூன்றாவது மருந்து ஓடுகிறது. துணுக்கை விட்டுவிட்டு மூலக் கட்டுரையையே எடுத்துப் படித்தேன்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வு அது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள, 18 வயதுக்கு மேற்படாத 116 பேர். குலுக்கல் முறையில் 57 பேருக்கு மூளை அறுவை சிகிச்சை; மீதி 59 பேர் மருந்தோடு காத்திருப்போர் பட்டியலில். ஒரு வருடம் கழித்து வலிப்பே இல்லாதவர்கள் அங்கே 44 பேர், இங்கே 4 பேர். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை லேசில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களில் 19 பேருக்குக் கடுமையான பாதிப்பு. அதில் 15 பேருக்கு ஒரு பக்கக் கை கால் பலவீனம். கத்தி தவறிய கதை இல்லை இது. மூளையின் ஒரு பாதியையே மறுபாதியிலிருந்து துண்டிக்கும் அறுவையில் இது எதிர்பார்த்ததுதான். நடத்தையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அறிவுத்திறன் அளவீட்டில் சொல்லும்படி மாற்றமில்லை.

என் குறை இதுதான். பொட்டுப் பக்கத்து மூளைமடலில் கொஞ்சம் எடுப்பதும், பாதி மூளையைத் துண்டிப்பதும் ஒன்றல்ல. தலைப்புச் செய்தியாகும் 77 எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. தவிர, ஒரே மருத்துவமனை, ஒரே வருடக் கணக்கு.

அதற்காகப் பயந்து ஒதுங்குவதும் தப்பு. சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்து பலிக்கவில்லை என்றாலே அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று 2010-இலேயே சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வரையறுத்துவிட்டது. நம்ம வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1952-இலேயே வலிப்புக்கு அறுவை செய்திருக்கிறார். இன்னமும் நாம் நாலாவது மாத்திரை, அஞ்சாவது மாத்திரை என்று வருடங்களைக் கரைக்கிறோம்.

அக்காவுக்கு இப்படி எழுதினேன்: "ஆபரேஷனா வேண்டாமான்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. வலிப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கற இடத்துல எம்.ஆர்.ஐ.யும் வீடியோ இ.இ.ஜி.யும் எடுத்து, வலிப்பு எங்கிருந்து கிளம்புதுன்னு முதல்ல பாருங்க. எந்த ஆபரேஷன், எது போகும், எது மிஞ்சும்னு கேளுங்க. அதுக்கப்புறம்தான் அந்த 77 நம்ம பையனுக்கான எண்ணான்னே தெரியும்."