வெள்ளைக் குதிரையில் வந்தது யார்?

1997 வாக்கில் சன் டிவியில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது, சென்னைப் புறநகர் அண்ணனூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றவர்கள் இரண்டு கட்சி. வெள்ளைக் குதிரையில் அரிவாளோடு வந்து தண்டிப்பது சாட்சாத் கருப்பசாமிதான் என்றது ஒன்று. சாமி வேஷத்தில் எவனோ புகுந்து விளையாடுகிறான் என்றது மற்றது. ஆவடி, அண்ணனூர் பக்கம் வேலைக்கு வந்து வீடு கட்டிக்கொண்ட தென்மாவட்டத்துக்காரர்கள் பலருக்குக் கருப்பு குலசாமி. அவர்களிடம் ‘எவனோ ஆள்’ என்று சொல்லிவிட்டு ஆவடி தாண்டுவது சிரமம்.

‘அந்த மாதிரி மர்மத் தொடர் இனி வருமா?’ என்கிற ஏக்கம் இன்றும் கேட்கிறது. அதில் பாதி நியாயம்.

நியாயம் கதைக்கட்டில் இருக்கிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவலை இயக்குநர் நாகா இரண்டு காலங்களாகப் பின்னினார். ஒரு பக்கம் பாட்டியின் கண்டிப்பில் ஒடுங்கி வளரும் சிறுவன் ராசு. இன்னொரு பக்கம் வளர்ந்த ராஜேந்திரனும் (சேத்தன்) டாக்டர் ரீனாவும் (தேவதர்ஷினி). குளம்புச் சத்தம் கேட்டதும் எல்லோர் கண்ணும் குதிரைமேல் போனது. விடையோ அந்தப் பையனிடம் இருந்தது, அதுவும் ஆரம்பத்திலிருந்தே, நம் முன்னாலேயே. தடயத்தை ஒளிக்காமல் கவனத்தை மட்டும் திருப்பியது நேர்மையான ஆட்டம். சாமியா ஆளா என்று மோதிக்கொண்ட இரண்டு கட்சியும் தோற்றதில் இயக்குநருக்குத்தான் பெருமை.

கோளாறு விடையில். கருப்பாக வந்தது ராஜேந்திரனே, அதாவது வளர்ந்துவிட்ட அந்த ராசுவே. காரணம் ஆளுமைப் பிளவு. ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ வருவதற்கு எட்டு வருஷம் முன்பு இது புதுசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை கேட்கிற வேலைக்கெல்லாம் அந்த நோய் கைகொடுக்காது. அது உண்டா இல்லையா என்பதிலேயே மனநல மருத்துவர்களுக்குள் தகராறு இருக்கிறது; இருப்பதாகச் சொல்லப்படுபவர்களும் பிறரைவிடத் தங்களையே காயப்படுத்திக்கொள்வதுதான் அதிகம். ‘நோய் வந்தா குதிரை ஓட்டத் தெரிஞ்சிடுமா?’ என்று ரயிலில் கேட்டவருக்குத் தொடரிடம் திருப்தியான பதில் இல்லை. விஞ்ஞானத்துக்கு ஒரு வாசல், நம்பிக்கைக்கு ஒரு வாசல் என்று இரண்டையும் திறந்து வைப்பது இந்திரா சௌந்தர்ராஜன் பாணி. யாரும் கோபித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்கிற சாமர்த்தியம் அது. தைரியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போதைய மர்மத் தொடர்களுக்கு வருவோம். 2022 ஜூனில் வந்த ‘சுழல்’ வெப் தொடரின் எட்டு எபிசோடும் ஒரே நாளில் இறங்கின. மயானக் கொள்ளைத் திருவிழாவை அழகாகக் கோத்திருந்தார்கள், நடிப்பிலும் குறையில்லை. ஆனால் எபிசோடுக்கு ஒருவர் மேல் சந்தேகம் விழ, அடுத்ததைத் தட்டினால் அது கலைந்துவிடுகிறது. நாம் ஊகிக்கவில்லை, காத்திருக்கிறோம். காத்திருப்பும் ஓர் இரவில் தீர்ந்துவிடுகிறது. ‘விடாது கருப்பு’க்கு வாரம் முழுக்க இடைவெளி இருந்தது. திண்ணையிலும் ரயிலிலும் ஜனங்கள் போட்ட கணக்குகள் அதை நிரப்பின. அவற்றில் சில, எழுத்தாளர் தந்த விடையைவிடக் கெட்டியானவை.

ஆகவே கேள்வி கேட்டதில் ‘விடாது கருப்பு’க்கு முதல் வகுப்பு, விடை சொன்னதில் பாஸ் மார்க். யூடியூபில் முதல் தடவை பார்க்கப்போகிறவர்கள் வாரத்துக்கு ஒன்றாகப் பாருங்கள்; முடிச்சு அவிழும் எபிசோடுகளுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாலும் பெரிய நஷ்டமில்லை.