பாட்டுக்கு இடம்விடும் கை

1984இல் பிரான்ஸ்கி பீட் குழு, கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்திலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடியது. பைபிள் கதைகளை அப்படியே நம்பித்தான் ஆக வேண்டுமா என்று சீண்டும் பாட்டு. அதில் கிளாரினெட் வாசித்த ரிச்சர்ட் கோல்ஸ் பின்னாளில் ஆங்கிலிகன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். அந்தக் கிளாரினெட்டைக் கவனித்துக் கேளுங்கள். குரல் ஓயும் இடத்தில் நுழைகிறது, சொல்ல வந்ததைச் சொல்கிறது, ஒதுங்கிக்கொள்கிறது. நல்ல பக்கவாத்தியக்காரரின் இலக்கணம் அது.

அடுத்த ஆண்டு அவரும் பாடகர் ஜிம்மி சோமர்வில்லும் கம்யூனார்ட்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். 1986இல் அவர்களுடைய 'டோன்ட் லீவ் மீ திஸ் வே' பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. உச்சத்தில் பறக்கும் ஆண்குரல், அடிக்குரலில் சாரா ஜேன் மாரிஸ்: அந்த ஜோடியைக் கேட்டவர் மறக்க மாட்டார். கீபோர்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் கோல்ஸை அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை.

ஆனாலும் அவர்களுடைய உச்சம் என்று நான் சொல்வது 'ஃபார் எ ஃப்ரெண்ட்' பாட்டைத்தான். 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களுக்காக லண்டனின் தன்பாலீர்ப்பாளர்களைத் திரட்டிய மார்க் ஆஷ்டன், 1987இல் எய்ட்ஸால் இறந்தார். வயது 26. அந்த நண்பனுக்காக இருவரும் சேர்ந்து எழுதியது இது. நடனக்கூடத்துக்கு வாசித்துப் பழகிய கை இங்கே நடையைத் தளர்த்தி, சோமர்வில்லின் குரல் அழுது தீரும்வரை பொறுமையாகக் கூடவே வருகிறது. எத்தனையோ நண்பர்களைப் புதைத்த தலைமுறை அது. அந்த இழப்பின் கனம் இந்தப் பாட்டில் முழுசாக இருக்கிறது. விற்பனைப் பட்டியலில் இது பெரிதாக ஏறவில்லை; அதனால் என்ன!

குழு கலைந்தபின் கோல்ஸ் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இறையியல் படித்தார். 2005இல் குருப்பட்டம். 2011 முதல் 2022 வரை நார்த்தாம்ப்டன்ஷயரில் ஃபைன்டன் ஊரின் ஆயர். அதே காலத்தில் பிபிசி ரேடியோ 4இல் 'சாட்டர்டே லைவ்' நிகழ்ச்சியின் தொகுப்பாளர். சனிக்கிழமைக் காலைகளில் யார் யாரோ வந்து தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள். கோல்ஸ் ஒரு சின்னக் கேள்வி போடுவார். பிறகு பேச்சு விருந்தாளியுடையது. மேடையில் கைவந்த பொறுமை வானொலியிலும் அவரை விடவில்லை.

2019 டிசம்பரில் அவருடைய இணையர் டேவிட் இறந்தார்; அவரும் ஒரு குரு. 2021இல் வந்த 'தி மேட்னஸ் ஆஃப் கிரீஃப்' அந்தத் துக்கத்தின் நூல். ஊரார் வீட்டுச் சாவுகளில் எத்தனையோ முறை ஜெபம் சொன்னவர், தன் வீட்டில் அது நிகழ்ந்தபோது அந்த அனுபவம் கைகொடுக்கவில்லை என்று எழுதுகிறார். ஆறுதல் வாசகம் எதையும் துரத்தாமல், சாவுக்குப் பின் குவியும் அலுவல்களையும் கடிதங்களையும் விவரித்துக்கொண்டே போகிறார். துப்பறியும் நாவல்களும் எழுதியிருக்கிறார். அவை பிறகு ஆகட்டும். அவரைப் படிக்க விரும்புகிறவர் கையில் முதலில் நான் கொடுப்பது இந்த நூலைத்தான்.