வள்ளியின் பங்கு எங்கே?

இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் மூணு துண்டாக உடைந்தது. செப்புத் தகடு கட்டி ஒன்றாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சம்பந்தர் பாடிய தலம். லிங்கம் ஏன் உடைந்தது என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

கடுவெளிச் சித்தர் அரசமரத்தடியில் தவம் இருந்தார். உதிரும் பழுத்த இலைதான் அவருக்குச் சாப்பாடு. நாட்டில் மழை இல்லை. சித்தருடைய தவச் சூட்டால்தான் பஞ்சம் என்று பேச்சு. தவத்தைக் கலைக்க அரசனுக்குப் பயம். கோயில் தாசி வள்ளி போனாள். இலை விழும் கையில் அப்பளத்தை வைத்தாள். உப்பு நாக்கில் பட்டதும் சித்தர் கண் திறந்தார். மழை பெய்தது. கோயிலில் விழா எடுத்தார்கள். வள்ளி ஆடும்போது சிலம்பு கழன்று விழுந்தது. சித்தர் எடுத்து அவள் காலில் மாட்டினார். ஊர் சிரித்தது. சித்தர் கோபத்தில் பாடினார், லிங்கம் வெடித்தது. அரசன் காலில் விழுந்தான், சித்தர் மனம் இரங்கினார்.

வேர்க்கடலை உரித்துக்கொண்டே எங்க ஆயா இந்தக் கதையைச் சொல்லும். முடித்ததும் ஒரு கேள்வி கேட்கும்: "எல்லாம் சரி, அந்தப் பொண்ணு என்னா ஆனா?"

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். தலபுராணம் படித்தேன், சரித்திர நாவல் படித்தேன். ஆயாவின் கேள்விக்கு எதிலும் பதில் கிடைக்கவில்லை. கதையில் சித்தருக்குப் புகழ் உண்டு. அரசனுக்கு மன்னிப்பு உண்டு. கல்லுக்குக்கூட செப்புக் கட்டு உண்டு. வள்ளி சிலம்பு மாட்டியதோடு காணாமல் போகிறாள். அரசன் அனுப்பினான் என்று சிலர் சொல்கிறார்கள், அவளே முன்வந்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். கோயில் சோற்றில் வாழ்கிற பெண் அரசன் பயப்படும் காரியத்துக்குத் தானாக முன்வந்தாள் என்றால், அது எந்த அளவுக்குத் தானாக?

இது இரும்பையில் மட்டும் உள்ள கதை இல்லை. ரோமாபுரியில் வெஸ்தா தெய்வத்தின் அடுப்பு நெருப்பைக் காக்கும் கன்னியர் இருந்தார்கள். ஆறு முதல் பத்து வயதுக்குள் சிறுமிகளைப் பிடித்து வருவார்கள். முப்பது வருசம் கன்னியாகவே ஊழியம். மரியாதைக்குக் குறைவில்லை, சொத்துரிமையும் உண்டு. ஆனால் கி.மு. 216-ல் கானே போரில் ஹன்னிபாலிடம் ரோமப் படை நாசமானபோது நடந்தது என்ன? தோற்ற தளபதிகளை விட்டுவிட்டு இந்தக் கன்னியரைச் சந்தேகப்பட்டார்கள். ஒபிமியா, புளோரோனியா என்ற இரண்டு பெண்கள் கற்பு தவறியதாகக் குற்றஞ்சாட்டினார்கள். ஒருத்தியை உயிரோடு புதைத்தார்கள், இன்னொருத்தி தன்னையே மாய்த்துக்கொண்டாள். இதை எழுதி வைத்த லிவி என்ற ஆண், சம்பவத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருசம் கழித்து எழுதியவர். அந்தப் பெண்கள் சொன்னது ஒரு வார்த்தையும் நமக்கு வந்து சேரவில்லை. மழை பொய்த்தாலும் படை தோற்றாலும் ஆட்சி தன் கணக்கை நேர் செய்ய எடுப்பது கோயில் பெண்ணின் உடம்பைத்தான். ரோமில் பலி, இரும்பையில் தூண்டில்.

சரித்திர நாவல் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். நம்ம ஊரில் அதிகம் படிக்கப்பட்ட நாவல் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். கல்கி 1944 முதல் 1946 வரை தொடராக எழுதிய 'சிவகாமியின் சபதம்'. பல்லவர் காலத்து ஆடல்பெண் கதை. ஆனால் சிவகாமி யார்? ஆயனர் என்ற சிற்பியின் மகள். தாசி வீட்டுப் பெண் இல்லை. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஆடியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார் கல்கி. நாவல் எழுதப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1936-லேயே கலாக்ஷேத்திரா தொடங்கிவிட்டது. சதிர், பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேல்சாதி வீட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. சிவகாமி அந்த நேரத்துக்கு வேண்டிய ஆடல்பெண்.

முடிவு இன்னும் மோசம். வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. நரசிம்மவர்மன் ஏற்கனவே பாண்டிய இளவரசியைக் கட்டிக்கொண்டான். சிவகாமி காஞ்சி ஏகாம்பரநாதர் சன்னதியில் தாலியைத் தானே கட்டிக்கொண்டு ஆடுகிறாள். வாசகர்கள் கண்ணீர் விட்டார்கள். எனக்கும் பதினாறு வயசில் கண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை. மனதைப் பிசையும் எழுத்து அது. ஆனால் இப்போது படித்தால் பகீர் என்கிறது. இதற்குப் பெயர்தானே பொட்டுக்கட்டுதல்! அரசன் கைவிட்ட பெண்ணைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று காட்டினால் அரசனின் துரோகம் பக்தியில் கரைந்துவிடும். தொடர் முடிந்தது 1946. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் வந்தது அடுத்த வருசம், 1947-ல். சட்டம் குற்றம் என்று சொன்னதை நாவல் மோட்சம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

வேறு மாதிரி எழுத அன்றைக்கு ஆள் இல்லையா? இருந்தார். இசை வேளாளர் குடும்பத்தில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், கலாக்ஷேத்திரா தொடங்கிய அதே 1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை வெளியிட்டார். அவர் நாவலில் பக்தி மணக்காது. யார் பணம் கொடுத்தார், யார் வாங்கினார், எந்தச் சாமியின் பேரைச் சொல்லி வாங்கினார் என்பதெல்லாம் இருக்கும். பிரச்சார வாடை அடிக்கிறது, கலை இல்லை என்று பண்டிதர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வலைக்குள்ளே இருந்தவர் வலையைப் பற்றி எழுதினால் பிரச்சாரம், வெளியே நின்றவர் எழுதினால் காவியமா?

இத்தோடு நிறுத்தினால் இது தேவதாசிகளுக்காக மட்டும் எழுதிய கட்டுரை ஆகிவிடும். நம்ம கேள்வி இன்னும் ஒரு தெரு தள்ளி இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் கல்வெட்டு ஒன்று உண்டு. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை வேறு வேறு கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றியதைச் சொல்வது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாம் அதில் உண்டு. ஒரு பங்குக்கு நூறு கலம் நெல். அதே அரசனின் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. அங்கே பெயர் இல்லை, வீட்டு எண் இல்லை, பங்கும் இல்லை. குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் சேரியும் ஒரு நிலம், அவ்வளவுதான். தளிச்சேரியும் சேரி, பறைச்சேரியும் சேரி. ஒன்றுக்குப் போன நெல்லை இன்னொன்றின் கைகள்தான் விளைவித்திருக்க வேண்டும். இராசராசனின் இளமைக்காலத்தை ஐந்து பாகமாக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில் பறைச்சேரி மனுசர் ஒருத்தராவது கதையை நகர்த்துகிறாரா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை.

எங்க சேரிக்குச் சாமியாடிப் பெண் இல்லாமல் இல்லை. 1909-ல் வெளியான தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் தெலுங்கு மாவட்டத்து மாதங்கி வருகிறாள். மாதிகர் சாதிப் பெண். திருவிழாவில் சாமி வந்து ஆடுவாள், மேல்சாதிக்காரர்கள் மேல் எச்சில் துப்புவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவர்களும் அதைப் புனிதம் என்று வாங்கிக்கொள்வார்கள். விழா முடிந்தால் அவள் மறுபடியும் தீண்டத்தகாதவள். ஒருநாள் துப்ப அனுமதித்து மற்ற நாளெல்லாம் மிதிக்கிற அரசியலை விடப் பெரிய கதை எந்த நாவலாசிரியனுக்கு வேண்டும்? நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திராவின் சித்தூர் பக்கத்திலும் அருந்ததியர் சிறுமிகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுவதாக வந்த செய்திகளின் பேரில், தேசிய மனித உரிமை ஆணையம் இரண்டு மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பியது 2017-ல். சட்டம் வந்து எழுபது வருசம் கழித்து! சிவகாமி கட்டிக்கொண்ட தாலிக்கு அழுத நாடு இந்தப் பிள்ளைகளின் தாலிக்கு அழுததா?

அந்த 1947-ல் இன்னொரு சட்டமும் வந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக உரிமை தந்த ஆலயப் பிரவேசச் சட்டம். ஒரே வருசத்தில் ஒரு கூட்டம் பெண்களைக் கோயிலுக்குக் கொடுக்காதே என்று ஒரு சட்டம், இன்னொரு கூட்டத்தைக் கோயிலுக்குள் விடு என்று ஒரு சட்டம். உள்ளே சிறைப்பட்டவளும் வெளியே நிறுத்தப்பட்டவளும் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கம் நின்றிருக்கிறார்கள். அந்த மதிலை எழுதிய தமிழ்ச் சரித்திர நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

இரும்பைக்கே திரும்புகிறேன். இப்போது கதையை ஒரு வாலோடு சொல்கிறார்கள். சித்தரின் சாபத்தால் நிலம் பொட்டலாகும், பிறகு தூரதேசத்து மனிதர்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்று. 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியதோடு இதைப் பொருத்திக் காட்டுகிறார்கள். காடு வந்தது உண்மை, அதற்கு உழைத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் செம்மண் பள்ளத்தில் வேர்க்கடலையும் கம்பும் போட்டுப் பிழைத்தவர்கள் அதற்கு முன்னாலும் இங்கே இருந்தார்கள். கன்றுக்குக் குழி வெட்டியதில் உள்ளூர்க் கைகளும் உண்டு. சாபக் கதையில் நிலம் காலியாக இருக்கிறது. ஆள் இருந்த நிலத்தைக் காலி என்று சொல்வதும், பெண் போன இடத்தைச் சொல்லாமல் விடுவதும் ஒரே கை செய்கிற வேலை.

எழுதப்போகிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்வேன். கோட்டை, குதிரை, சபதம் எல்லாம் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் அத்தியாயத்திலேயே யார் நெல் விளைவித்தது, யார் பங்கு வாங்கியது, யார் பெயரைக் கல்லில் வெட்டவில்லை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்பளத்தோடு மரத்தடிக்குப் போன வள்ளி அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்கினாள் என்று எழுதுங்கள். அதைப் படித்துச் சொல்ல எங்க ஆயா இப்போது உயிரோடு இல்லை. கேள்வி இருக்கிறது.