கரகமும் நினைவும்: பெங்களூருத் திகளர் அடையாளம்

ஓரினம் மொழி மாறினால் அதன் அடையாளமும் மறையுமா? அசாமில் தாய்-அகோம் மக்கள் அசாமிய மொழிக்கு மாறிய பின்னரும், பூசகர் காத்த ஏடுகளும் முன்னோர் வழிபாடும் அவ்வடையாளத்தைத் தாங்கின. பெங்களூருத் திகளர் நிலையும் இத்தகையதே. 'திகளர்' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த சொல். இன்று இவர்களிடையே கன்னடம் ஆழ வேரூன்றியுள்ளது. எனினும் கரக விழா இவர்களைத் தனியினமாக நிறுத்துகிறது.

இவ்விழாவை நகர நினைவின் களமாக விளக்குவது சுமிருதி சீனிவாஸ் 2001இல் வெளியிட்ட ஆங்கில நூல். பெண்கோலம் பூண்ட பூசாரி தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் சுமந்து வர, வாளேந்திய வீரகுமாரர் உடன்செல்வர். திமிராசுரனை அழிக்க வீரகுமாரரைப் படைத்த திரௌபதி, ஆண்டுதோறும் மீள்வதாக வாக்களித்தாள் என்பது மரபு. ஏரி, தெரு, கோயில் ஆகியவற்றை இந்நினைவோடு இணைத்துக் காண்பது நூலின் சிறப்பாகும்.

ஆயின் நூலின் நோக்கு நகரவெளி பற்றியது. சொல் பற்றிய வினா எஞ்சுகிறது. தமிழில் 'கரகம்' என்றதும் பலருக்கு ஆட்டமே நினைவுக்கு வரும். பெங்களூரில் 'கரக' என்பது திரௌபதியின் வருகை. இதனைக் 'கரகாட்டம்' எனப் பெயர்ப்பின், சடங்கு கலைநிகழ்ச்சியாகச் சுருங்கும்; திகளரின் நினைவும் உடன் அழியும்.

பொம்மனஹள்ளி போன்ற பகுதிகளில் பிற்காலத்தில் குடியேறிய தமிழருக்கு அடையாளம் பெரிதும் மொழிவழிப்பட்டது, திகளருக்கோ சடங்குவழிப்பட்டது. இவ்விரண்டையும் தாய்மொழிக் கணக்கு ஒன்றனால் அளத்தல் பொருந்தாது. மொழி இழப்பை ஆராய்வோர், சடங்கில் எஞ்சும் சொல்லையும் தரவாகக் கொள்ளல் வேண்டும்.