சத்திரத்தில் பஸ் ஏறினால் பதின்மூன்றாம் நூற்றாண்டு

இடைக்கால வரலாற்றில் ஆய்வு என்பது முனைவர் பட்டக்காரர்கள் சமாச்சாரம், பி.ஏ. பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று யாராவது சொன்னால், அவர்களைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும் போலிருக்கும் எனக்கு. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறினால் காவிரிப் பாலம், திருவானைக்காவல், அடுத்து ஸ்ரீரங்கம். வேறு ஊர் மாணவர்கள் மூல ஆவணம் பார்க்கக் காப்பகத்தில் மனுப் போட்டுக் காத்திருக்கிறார்கள். திருச்சி மாணவருக்கு அது பிரதட்சணம் வருகிற வழியிலேயே சுவரில் இருக்கிறது. இந்த அதிர்ஷ்டம் யாருக்கு வாய்க்கும்!

7 திருச்சுற்று, 21 கோபுரம், 156 ஏக்கர் என்று ஸ்ரீரங்கம் கோயிலின் பெருமையை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெருமை வேறு. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்க முழுக்க இந்த ஒரே கோயிலுக்கானது. 1982இல் வெளிவந்த அந்தத் தொகுதியில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள்! சோழர், பாண்டியர், போசளர், விஜயநகரத்தார் என்று தமிழகத்தை ஆண்ட அத்தனை பேரும் இங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தமிழோடு வடமொழி, கன்னடம், தெலுங்கு எல்லாம் கலந்து கிடக்கின்றன.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடியபோது, "சோழர் கால ஆட்சிமுறை" என்று பெரிதாக எதையோ எழுதிக்கொண்டு போய் நின்றேன். எங்கள் பேராசிரியை சிரித்தார். "அதெல்லாம் நீலகண்ட சாஸ்திரியார் எழுதிட்டார்ப்பா. நீ போய் ஒரே ஒரு சன்னதியைப் பார். அங்கே யார், என்ன கொடுத்தாங்க, எதுக்குக் கொடுத்தாங்கன்னு மட்டும் கேள்" என்றார். நான் போய் நின்றது தன்வந்திரி சன்னதியில். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் இறங்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஆரோக்கியசாலை, அதாவது ஆஸ்பத்திரி, இருந்தது! கண்ணனூரைத் தலைநகராக வைத்துக்கொண்ட போசளர்கள் காலம் அது. இன்றைய சமயபுரம்தான் அந்தக் கண்ணனூர். வீரராமநாதன் ஆட்சியில் அவனுடைய தண்டநாயகன் ஒருவன் அதை ஏற்படுத்தி, கருடவாகன பண்டிதர் என்ற மருத்துவர் பொறுப்பில் விட்டான். பின்னால் வந்த படையெடுப்புகளில் அது சிதைந்தது. 1493இல் சீனிவாசன் என்கிற கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்து, தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளச் செய்தார் என்று கல்வெட்டு சொல்கிறது.

சுவாரசியமே இனிமேல்தான். ஆழ்வார்கள் வரலாற்றை வடமொழியில் பாடிய 'திவ்யசூரி சரித'த்தின் ஆசிரியர் பெயரும் கருடவாகன பண்டிதர். அவர் இராமானுசர் காலத்தவர் என்பது மரபு. அதே பெயர் 13ஆம் நூற்றாண்டிலும் வருகிறது, 15ஆம் நூற்றாண்டிலும் வருகிறது. அப்படியானால் ஒருவரா, ஒரு குடும்பமா, ஒரு பட்டமா? நூலை எழுதியவர் இவர்களில் யார்? பெரிய அறிஞர்கள் முட்டி மோதிய கேள்வி, இருபது வயதுப் பிள்ளை கையில்! காஞ்சிபுரத்துக்குப் பக்கம் திருமுக்கூடல் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்து இன்னோர் ஆஸ்பத்திரியான 15 படுக்கை ஆதுலர்சாலையைப் பற்றிச் சொல்கிறது. அதையும் இதையும் எதிரெதிரே வைத்துப் படித்தபோது மருத்துவம், பக்தி, இலக்கியம் என்று தனித்தனிப் பாடமாகப் படித்ததெல்லாம் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது.

படிப்பது சுலபமா? இல்லை, அதுதான் சுகம்! மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கு வேற்றுமை தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல நிற்கும். நடுவில் கிரந்தம் குறுக்கிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து மேலெழும்பும். எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி "ஸ்வஸ்திஸ்ரீ" என்று முதல் முறை வாய்விட்டுப் படித்த கணத்தில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் துளசி வாங்கிக்கொண்டிருந்த மாமி, "என்ன போட்டிருக்கு? எனக்கும் சொல்லேன்" என்று கேட்டது அதைவிட மகிழ்ச்சி.

ஆண்டு கணக்கிடுவது இன்னொரு போதை. 1323இல் டில்லியிலிருந்து உலுக்கானின் படை வந்தபோது ஊரைவிட்டுப் போன உற்சவர் அழகிய மணவாளன், பல ஊர் சுற்றித் திரும்பி வந்த ஆண்டை விஜயநகரத் தளபதி கோபணாரியரின் கல்வெட்டு எண்ணால் சொல்லவில்லை, 'பந்துப்ரியே' என்ற சொல்லால் சொல்கிறது. எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ப 3, து 9, ரி 2, யே 1. திருப்பிப் படித்தால் 1293. அது சக ஆண்டு. 78 கூட்டினால் கி.பி. 1371! பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்ததும் துள்ளியிருக்கிறேன். பிறகு கோயிலின் வரலாற்றேடான 'கோயிலொழுகு' அந்தக் கதையை எப்படிச் சொல்கிறது என்று ஒப்பிட வேண்டும். ஏடு சொல்வதும் கல் சொல்வதும் எங்கே கைகோக்கின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கப் பழகிவிட்டால், எந்தச் செய்தியையும் யாரும் சொன்னபடியே நம்பமாட்டீர்கள்.

ஸ்ரீரங்கம் அலுத்தால் (அலுக்காது!) மலைக்கோட்டை இருக்கிறது. மேல் குடைவரை மகேந்திரவர்மப் பல்லவனுடையது. கங்காதரர் சிற்பத்தின் இருபுறத் தூண்களிலும் அவன் கல்வெட்டு. அதே குடைவரையில் நாராயணன் பாடிய திருச்சிராமலை அந்தாதி முழுசாகக் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. திருவெள்ளறைக்குப் போனால், தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் தோண்டிய மார்ப்பிடுகு பெருங்கிணறு, நாலு பக்கமும் படி திரும்பி சுவஸ்திகமாக. காவிரிக் கரையில் அல்லூர் என்று ஓர் ஊர். அதையும் பிரமதேயமான ஈசானமங்கலத்தையும் கல்வெட்டுகளைக் கொண்டு ஒப்பிட்டு, நிலம் ஊருக்குப் பொதுவாக இருந்ததா, ஆளாளுக்குச் சொந்தமா என்று கேட்டார் ஜப்பானியர் நொபொரு கராஷிமா. 1966இல் அவர் கேட்ட அந்தச் சின்னக் கேள்வி சோழர் கால ஆய்வின் போக்கையே திருப்பியது. இரண்டே இரண்டு கிராமம், ஐயா!

இந்த ஊரில் வழிகாட்டிகளுக்கும் பஞ்சமில்லை. கண் மருத்துவரான இரா. கலைக்கோவன் தொடங்கிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் திருச்சியில்தான். சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி வரலாற்றுத் துறையின் மு. நளினியும் அவரும் சேர்ந்து குடைவரை குடைவரையாக நடந்து எழுதிய நூல்களைப் படித்தால், ஆய்வுக்குப் பட்டமோ பதவியோ முன்தகுதி இல்லை, விடாப்பிடிதான் முன்தகுதி என்பது விளங்கும்.

ஆகவே தம்பி, தங்கை, தலைப்புக்காக நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டாதீர்கள். 24ஆம் தொகுதி இணையத்திலேயே கிடைக்கிறது; ஒரு சன்னதி, ஒரு கொடையாளி, ஒரு விளக்கு, ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். அச்சில் இருப்பதைச் சுவரோடு ஒத்துப் பாருங்கள். சகம் தெரியாவிட்டால் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கத் தொகுதிகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அர்ச்சகரிடம், பேராசிரியரிடம், ஊர்ப் பெரியவரிடம் தயங்காமல் கேளுங்கள். நாற்பது பக்க ஆய்வேட்டில் இதுவரை யாரும் சொல்லாத ஒரே ஒரு வரி உங்களுடையதாக இருந்தால் போதும், நீங்கள் ஆய்வாளர்தான். நாளைக்கே கிளம்புங்கள்; ஒன்றாம் நம்பர் அடிக்கடி வரும்!