யாமையும் முதலையும்: சங்கப் பாடல்களில் முட்டையும் காவலும்

சங்கப் புலவர்தம் இயற்கையறிவைப் போற்றும் கட்டுரைகள் பலவும், அவர்கள் உயிரினங்களின் வாழ்வை உள்ளவாறே கண்டு பாடினர் என்னும் முடிபோடு நிறைவுறுகின்றன. இம்முடிபை முட்டையிடும் உயிர்கள் இரண்டைக் கொண்டு ஈண்டு ஆராய்கிறோம்.

அகநானூற்றின் 160ஆம் பாடலில் குமிழிஞாழலார் நப்பசலையார் சூல்கொண்ட யாமையைக் காட்டுகிறார். அது அடும்பங்கொடி சிதைய, கழியருகே உள்ள மணற்குவியலில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. முட்டை வட்டுப் போன்றது, புலால் நாறுவது. இவ்வளவும் கண்டறிந்த செய்தியே. ஆயின், பார்ப்பு வெளிப்படும்வரை ஆண் யாமை அம்முட்டைகளைக் காக்கும் என்கிறது பாடல். கடலாமைகளில் ஆண் கரையேறுவது மிக அரிது. பெண்ணும் முட்டையிட்டு மூடியபின் கடலுக்கு மீண்டுவிடும். ஏறத்தாழ இரண்டு திங்கள் அம்முட்டைகளுக்கு மணலின் வெம்மையே துணை.

ஐங்குறுநூற்றின் 41ஆம் பாடலில் ஓரம்போகியார் இதற்கு மாறாக, தன் பார்ப்பையே தின்னும் முதலையைப் பாடுகிறார். முதலைகள் பிற முதலைகளின் குஞ்சுகளை உண்பதுண்டு. எனினும், சதுப்புநில முதலை கரையில் குழி தோண்டி முட்டையிட்டுக் காவலிருக்கும். குஞ்சுகளின் குரல் கேட்டுக் குழியைத் திறந்து, அவற்றை வாயில் ஏந்தி நீரில் விடும். 1976இல் தொடங்கப்பெற்ற சென்னை முதலைப் பண்ணையில், ஆண் முதலையும் இவ்வாறு செய்வதை 1980களில் ஆய்வாளர்கள் கண்டனர். வாயில் ஏந்திய காட்சியே தின்னும் காட்சியாகக் கொள்ளப்பட்டிருக்கலாம் என்பது நம் கருத்து.

ஆகக் காவலில்லா உயிர்க்குக் காவலும், காவலுடைய உயிர்க்கு அன்பின்மையும் ஏற்றப்பட்டுள்ளன. இதனைப் பிழையென்று ஒதுக்குவதும் பொருந்தாது. முன்னதில் இரவில் வந்த தலைவனின் தேர், இப்போது ஊரார் காணப் பகலில் வெளிப்படையாக வருகிறது. காக்கும் யாமை அவனது பொறுப்புக்கு உள்ளுறை. பின்னதில் தன் சொல்லை நம்பிய மகளிரின் மேனியைப் பசக்கச் செய்பவன் தலைவன்; முதலை அவனது கொடுமைக்கு உள்ளுறை. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை அமையும் என்பது தொல்காப்பியர் கொள்கை. கருப்பொருளின் பயன் ஈண்டு அகப்பொருளை உணர்த்துவதே.

இவ்வேறுபாட்டை வகுப்பறையில் தெளிவுறுத்துவது நம் கடமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழிலக்கியம் பயிலும் மாணவர் உயிரியலும் பயில்கின்றனர். திரெங்கானு கடற்கரைக்குச் சென்று ஆமை முட்டையிடுவதை நேரிலும் காண்கின்றனர். அம்மாநிலம் 2022இல் ஆமை முட்டை விற்பனையை முற்றாகத் தடைசெய்ததையும் அவர்கள் அறிவர். முட்டைக்கு மனிதரே காவலாக வேண்டியிருப்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தகைய மாணவரிடம் சங்கப்பாடல் முழுவதும் அறிவியலே என்று நாம் கற்பித்தால், உண்மை புலப்படும் நாளில் அவர் ஐயுறுவது நம் கூற்றை மட்டுமன்று, பாடலையுமே. நப்பசலையார் எங்குக் கண்டதைச் சொன்னார், எங்கு வேண்டியதைச் சொன்னார் எனப் பிரித்துக் காட்டுவோமாயின், அக்கானலில் காவலிருக்கும் யாமை தலைவியின் ஏக்கமாக மாணவர்க்கு விளங்கும்.