வீரசாகசக் கலையில் பிறநாட்டு மாந்தர்: ரின்ரின் சித்திரக்கதைகளும் ‘இன்டியானா ஜோன்ஸ்’ திரைப்படங்களும் – ஒரு நோக்கு

வெகுசனக் கலைகள் பற்றிய தமிழ் விமர்சனம் பெரும்பாலும் இரு எல்லைகளில் நின்றுவிடுகின்றது. ஒரு சாரார் வீரசாகசத் திரைப்படங்களையும் சித்திரக்கதைகளையும் ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டு, நாவலுக்கும் சிறுகதைக்கும் திரும்பிவிடுவர். மற்றொரு சாரார் அவற்றை ஆர்வத்தோடு நுகர்பவர். கேள்வி எழுப்பப்படுமிடத்து, ‘கதைதானே’ என்று அவர்கள் விடை கூறுவர். எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு சாராரும் ஓர் அடிப்படையில் உடன்படுகின்றனர். இக்கலைகளுக்குச் சிந்தனை எதுவும் இல்லை என்பதே அவ்வுடன்பாடு. ஆயின், கோடிக்கணக்கான இளைஞர்கள் பிறநாட்டு மாந்தரை முதன்முதலில் ‘சந்திப்பது’ இக்கதைகளிலேயே எனும்போது, அவற்றின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவது அவசியமாகின்றது. ஹேர்ஜேயின் ரின்ரின் சித்திரக்கதைகளையும் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இன்டியானா ஜோன்ஸ்’ திரைப்படங்களையும் அவ்வகையில் ஒப்புநோக்க முயல்கின்றது இக்கட்டுரை.

‘தொடரும்’ என்னும் உத்தி

வீரசாகசத் திரைப்படமும் சித்திரக்கதையும் உடன்பிறப்புகள் எனலாம். அலெக்ஸ் றேமண்ட் வரைந்த ‘பிளாஷ் கோர்டன்’ 1934ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளிவரத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1936இல், அது 13 பகுதிகளைக் கொண்ட தொடர்படமாயிற்று. வாரந்தோறும் ஒரு பகுதி திரையிடப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் கதாநாயகன் உயிராபத்தில் சிக்கும் கணத்தில் முடிந்தது. தப்பினானா என்பதை அறிய மறுவாரமும் நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும். பத்திரிகைச் சித்திரக்கதையின் கடைசிக் கட்டமும் இதே பணியைத்தான் செய்தது. இரண்டுக்கும் உயிர் ‘தொடரும்’ என்னும் சொல்லே.

ஜோர்ஜ் லூக்காஸ் இம்மரபில் வளர்ந்தவர். ‘பிளாஷ் கோர்டன்’ கதையின் உரிமையைப் பெற முயன்று முடியாமற்போன பின்னரே 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ படத்தை அவர் உருவாக்கினார். அவர் கதை அமைக்க ஸ்பீல்பேர்க் இயக்கிய ‘றெய்டேர்ஸ் ஒவ் த லொஸ்ற் ஆர்க்’ (1981), பழைய தொடர்படத்தின் பல வார ஆபத்துகளை இரண்டு மணிநேரத்துக்குள் அடுக்கி வைத்த படமாகும். அதன் முன்னோட்ட ஓவியங்களை வரைந்தவர் ஜிம் ஸ்ரெறங்கோ என்னும் சித்திரக்கதை ஓவியர். படத்தின் தொடக்கத்தில் நாயகனைத் துரத்தி உருண்டுவரும் பெரும் பாறைக்கு, கார்ல் பார்க்ஸ் 1954இல் வரைந்த ‘சீபோலாவின் ஏழு நகரங்கள்’ என்னும் வாத்துக் கதையிலேயே முன்மாதிரி உண்டு.

இவ்வுருவத்தின் தனிச்சிறப்பு வேகம். இவ்வேகம் இலகுவில் வாய்ப்பதன்று. ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குக் கண் தடையின்றி நகரவேண்டும். ஒரு காட்சியின் முடிவு அடுத்த காட்சியின் காரணமாகவேண்டும். இதனைக் கைவரப்பெற்றவர் ஹேர்ஜே. ‘றெய்டேர்ஸ்’ படத்துக்கு எழுதப்பட்ட பிரெஞ்சு விமர்சனமொன்று அதனை ரின்ரினோடு ஒப்பிட்டதாலேயே ஸ்பீல்பேர்க் ரின்ரினைப் படிக்கலானார். 2011இல் அவரே ரின்ரினைத் திரைப்படமாக்கினார்.

ஆயினும் வேகத்துக்கு ஒரு விலையுண்டு. நாவலாசிரியன் ஒரு பாத்திரத்தை மெல்ல மெல்ல அறிமுகஞ் செய்யலாம். வீரசாகசக் கதைக்கு அந்த அவகாசம் இல்லை. வில்லனைக் கண்டவுடன் வில்லன் என்று தெரியவேண்டும். ஊரைக் கண்டவுடன் ‘கிழக்கு’ என்று தெரியவேண்டும். எனவே வாசகர் மனத்தில் ஏற்கெனவே பதிந்து கிடக்கும் வார்ப்புருக்களையே கலைஞன் எடுத்தாள்கின்றான். அவ்வார்ப்புருக்களை உருவாக்கியதோ குடியேற்றவாதம். இவ்வாறு உருவத்தின் தேவையே உள்ளடக்கத்தின் ஊனத்துக்கு வழி திறந்து விடுகின்றது. இவ்வூனம் தவிர்க்கமுடியாததா என்பதே இங்கு எழும் வினா.

கொங்கோவிலிருந்து ஷங்ஹாய் வரை

ஹேர்ஜே என்னும் புனைபெயர் கொண்ட ஜோர்ஜ் றெமி, பெல்ஜியத்தின் பழைமைபேண் கத்தோலிக்க நாளேடொன்றின் சிறுவர் இணைப்பில் 1929 ஜனவரியில் ரின்ரினை அறிமுகஞ் செய்தார். 1930-31இல் வெளிவந்த கொங்கோக் கதை, அக்காலப் பெல்ஜியக் குடியேற்றவாதத்தின் பிரசாரமாகவே அமைந்தது. ஆபிரிக்கர் அதில் குழந்தைகளாகவும் கோமாளிகளாகவும் காட்சியளித்தனர். பள்ளிக்கூடக் காட்சியொன்றில் ரின்ரின் ஆபிரிக்கச் சிறுவர்களுக்குப் பெல்ஜியமே அவர்களது தாய்நாடெனப் போதிக்கின்றான். 1946இல் வண்ணப்பதிப்புக்காக மீள வரையப்பட்டபோது அப்பாடம் கணிதப் பாடமாக மாற்றப்பட்டது. சொல் மாறியதேயன்றி, போதிக்கும் வெள்ளையனும் கேட்டிருக்கும் கறுப்பனும் இருந்த இடத்திலேயே இருந்தனர். மேற்பூச்சுத் திருத்தம் எத்துணைப் போதாதது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

1934இல் நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. எகிப்து, இந்தியா ஆகிய நாடுகளினூடு ரின்ரினை அலையவிட்ட ‘பாரோவின் சுருட்டுகள்’ முடிவுற்றதும், அதன் தொடர்ச்சி சீனாவில் நிகழுமென அறிவிக்கப்பட்டது. முந்திய கதையின் இந்தியா மகாராசாவும் பக்கிரியும் மாயமுமாக, ஐரோப்பியர் மனத்திலிருந்த இந்தியாவாகவே அமைந்திருந்தது. சீனாவும் அவ்வாறே அமையக்கூடும் என அஞ்சிய மதகுரு ஒருவர், பிரசல்ஸ் நுண்கலைக் கழகத்தில் பயின்றுகொண்டிருந்த சீன மாணவனாகிய ஷாங் சொங்றென் என்பவனை ஹேர்ஜேக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். அம்மாணவன் சீன ஓவியத்தையும் எழுத்தையும் வரலாற்றையும் ஹேர்ஜேக்கு எடுத்துரைத்தான். சித்திரங்களின் சுவர்களிலும் பதாகைகளிலும் காணப்படும் சீன எழுத்துகள் அவன் கைவண்ணமே. அவற்றுள் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சுலோகமும் உண்டு.

இதன் விளைவே 1934-35இல் தொடராகவும் 1936இல் நூலாகவும் வெளிவந்த ‘நீலத் தாமரை’. 1931இல் மஞ்சூரியாவில் இருப்புப்பாதையொன்று தகர்க்கப்பட்டு, அதுவே யப்பானியப் படையெடுப்புக்குச் சாட்டாக்கப்பட்ட நிகழ்ச்சி, அச்சிறுவர் சித்திரக்கதையில் இடம்பெறுகின்றது. ஷங்ஹாய்ச் சர்வதேசக் குடியிருப்பில் வெள்ளையரின் ஆணவமும் ஒளிக்கப்படவில்லை. சாங் என்னும் பெயரில் அம்மாணவனே ஒரு பாத்திரமாகின்றான். வெள்ளத்திலிருந்து தன்னைக் காப்பாற்றிய ரின்ரினிடம், வெள்ளையர் யாவரும் கொடியவரன்றோ என அவன் வியப்புடன் வினவுகின்றான். சீனரைப் பற்றி ஐரோப்பியர் கொண்டுள்ள மூடக் கருத்துகளை ரின்ரின் எடுத்துக்கூற, இருவரும் சிரிக்கின்றனர். வார்ப்புருவைக் கையாண்டு வளர்ந்த ஒரு கலை, வார்ப்புருவையே பேசுபொருளாக்கும் கணம் அது.

இந்நூலிலும் குறையில்லாமல் இல்லை. சீனரை மனிதராக வரைந்த அதே தூரிகை, யப்பானியரைப் பல் துருத்திய விகாரங்களாகவே வரைந்தது. அறிந்த மக்களை மனிதராகவும் அறியாத மக்களை வார்ப்புருவாகவும் காணும் இயல்பு ஒரே நூலுக்குள் அருகருகே நிற்கின்றது. ஆயினும் கதையின் வேகம் இம்மாற்றத்தால் சிறிதும் குன்றவில்லை என்பது கருதத்தக்கது. மனிதரை மனிதராகக் காட்டினால் விறுவிறுப்புக் கெடும் என்னும் வாதத்துக்கு 1936லேயே விடை கிடைத்துவிட்டது.

கண்டி மலைகளில் ஒரு ‘இந்தியா’

இப்பின்னணியில் ‘இன்டியானா ஜோன்ஸ் அன்ட் த ரெம்பிள் ஒவ் டூம்’ (1984) நோக்கத்தக்கது. கதை 1935இல் வட இந்தியாவில் நிகழ்வதாகக் கற்பிக்கப்பட்டது. திரைக்கதையை ஏற்காத இந்திய அரசு மாற்றங்களைக் கோரியமையால், படப்பிடிப்பு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரலில் கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில் ‘மாயாபூர்’ என்னும் இந்தியக் கிராமம் எழுந்தது. விக்ரோரியா அணைக்கட்டு அமைந்துகொண்டிருந்த இடத்துக்கு அண்மையில், அங்கு பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளரின் துணையுடன், புகழ்பெற்ற தொங்குபாலம் கட்டப்பட்டது.

அக்கிராமத்தவர் படத்தில் பேசுவது சிங்களம். வட இந்தியக் கிராமம் ஒன்றில் சிங்களம் ஒலிப்பதை மேல்நாட்டுப் பார்வையாளர் எவரும் கவனியார் என்பதே தயாரிப்பாளரின் நம்பிக்கை. கிராமப் பூசகராக நடித்த டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர். ஆங்கிலம் அறியாத அவர், தமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட வசனங்களை ஒலிவழியே திருப்பிக் கூறினார். அவர் முகத்தின் ஆழம் திரையில் தெரிகின்றது. ஆயின் அம்முகத்துக்கு உரியவர் எந்நாட்டவர், என்ன மொழியினர் என்பதில் படத்துக்கு அக்கறையில்லை.

படத்தின் உள்ளடக்கம் இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. காளி வழிபாடு நரபலிக் கொடூரமாகச் சுருக்கப்படுகின்றது. பிரித்தானியரால் 1830களில் ஒடுக்கப்பட்ட ‘தக்கர்’ கூட்டம் நூறாண்டு கழித்து மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகின்றது. அரண்மனை விருந்தில் பாம்பும் வண்டும் குரங்கு மூளையும் பரிமாறப்படுகின்றன. கிராமத்தவர் தமக்காகத் தாமே எதுவும் செய்வதில்லை. சிவனை வேண்டுகின்றனர், வானிலிருந்து ஓர் அமெரிக்கன் வந்து விழுகின்றான். கடத்தப்பட்ட கிராமச் சிறுவர் நிலத்தடிச் சுரங்கத்தில் விலங்கிடப்பட்டு வேலை செய்கின்றனர். அவர்களை நாயகன் விடுவிக்க, இறுதியில் துப்பாக்கியுடன் வந்து எதிரிகளை முறியடிப்பது பிரித்தானியப் படை.

இக்கற்பனை படமாக்கப்பட்ட மலைகளின் வரலாறு என்ன? முதலில் கோப்பிக்காகவும், 1867இன் பின் தேயிலைக்காகவும், பிரித்தானிய முதலீடு தென்னிந்தியத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து குடியமர்த்திய மலைகள் இவை. அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றோராக்கப்பட்டனர். படக்குழுவினர் கமராவை நிறுத்திய இடங்களுக்கு அண்மையிலேயே அவர்களது லயன் அறைகள் இருந்தன. கட்டாய உழைப்பிலிருந்து இந்தியரை மீட்கும் பிரித்தானியன் என்னும் கற்பனை, அம்மலைகளிலேயே படமாக்கப்பட்டமை வரலாற்றின் கொடிய முரண்நகைகளுள் ஒன்றாகும்.

காலத்தின் மேல் பழி

இப்படத்துக்காக வாதிடுவோர் கூறும் சமாதானம் ஒன்றுண்டு. 1930களின் மலிவான தொடர்படங்களை நகையுணர்வோடு நினைவூட்டுவதே படத்தின் நோக்கம், ஆகவே அக்காலத்தின் குறைகளும் உடன் வருவது இயல்பு என்பர். இது ஏற்கத்தக்கதன்று. ‘நீலத் தாமரை’யும் 1930களின் படைப்பே. படத்தின் கதை நிகழும் 1935ஆம் ஆண்டிலேயே அத்தொடரும் வெளிவந்துகொண்டிருந்தது. அக்காலம் வார்ப்புருவையும் தந்தது, அதனை மீறும் வழியையும் தந்தது. ஐம்பது ஆண்டுகளின் பின் வந்த படம் முன்னதையே தேர்ந்துகொண்டது. தேர்வுக்குப் பொறுப்பு கலைஞனுடையதேயன்றிக் காலத்தினுடையதன்று.

இன்னொன்றும் இங்கு எண்ணத்தக்கது. பிரசல்ஸ் நகரை விட்டு அகலாமலே, ஒரு மாணவனின் துணைகொண்டு, ஹேர்ஜே சீனாவை அறிய முயன்றார். ஸ்பீல்பேர்க்கின் குழுவினரோ கடல் கடந்து வந்து அம்மக்களிடையேயே வாரக்கணக்கில் பணியாற்றினர். ஆயினும் அம்மக்களின் வாழ்வில் ஒரு துளியும் படத்துள் புகவில்லை. அண்மை வேறு, அறிவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

அதே வேளை, படத்தின் கலைத்திறனை மறுப்பது நேர்மையாகாது. சுரங்க வண்டித் துரத்தலின் காட்சித் தொடுப்பு இத்துறை மாணவர் எவரும் பயிலத்தக்கது. ஷோர்ட் றவுண்ட் என்னும் சீனச் சிறுவன் பாத்திரத்தில், வார்ப்புருவையும் மீறி ஓர் உயிர்த்துடிப்புள்ள சிறுவன் தெரிகின்றான். அதில் நடித்த கே ஹுய் குவான் 2023இல் வேறொரு படத்துக்காக ஒஸ்கார் விருது பெற்றார். கவர்ச்சியைப் பொய் என்று ஒதுக்கினால், அதன் வல்லமையையும் அபாயத்தையும் ஒருசேரத் தவறவிடுவோம்.

வரவிருக்கும் நூல்களும் வாசகர் கடனும்

வீரசாகசக் கலையின் சுவைஞன் எப்போதும் வரவிருப்பதை நோக்கியே வாழ்பவன். ‘இன்டியானா ஜோன்ஸ்’ கதைகள் 1983 முதல் 1986 வரை மார்வல் நிறுவனத்தின் 34 சித்திரக்கதை இதழ்களாகவும், 1991 முதல் டார்க் ஹோர்ஸ் வெளியீடுகளாகவும் தொடர்ந்தன. ஐந்தாவது திரைப்படம் 2023இல் வெளிவந்தது. தமிழில் சிவகாசியிலிருந்து 1972இல் தோன்றிய முத்து காமிக்ஸும் 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் பிரித்தானிய, ஐரோப்பியக் கதைகளை மொழிபெயர்த்து ஒரு வாசகர் கூட்டத்தையே உருவாக்கின. அடுத்த வெளியீட்டின் விளம்பரத்தைக் கதையினும் ஆவலோடு படிக்கும் வாசகரை இவை வளர்த்தன.

ஹேர்ஜே 1983 மார்ச்சில் காலமானார். தமக்குப் பின் ரின்ரினை வேறெவரும் தொடரக்கூடாதென்பது அவர் விருப்பம். ஆயினும், 1929இல் வெளியான ரின்ரின் பக்கங்களின் பதிப்புரிமை 2025 ஜனவரி முதலாம் திகதி ஐக்கிய அமெரிக்காவில் முடிவுற்றது. எனவே அங்கு இனிப் புதிய கைகள் அப்பாத்திரத்தை எடுத்தாளக்கூடும். அவர்களுக்குச் சட்டப்படி முதலில் கிடைப்பது ஷாங்கைச் சந்திக்காத ரின்ரின். ‘நீலத் தாமரை’யைப் படைத்த அறிவு எந்தப் பதிப்புரிமையோடும் கைமாறுவதில்லை, ஒவ்வொரு கலைஞனும் அதனைப் புதிதாகவே தேடிப் பெறவேண்டும்.

வாசகனும் அத்தேடலுக்குத் துணைநிற்கலாம். வரப்போகும் நூல் எப்போது வரும் என்று கேட்கும் ஆர்வம் குறையத் தேவையில்லை. அதில் வரப்போகும் மாந்தரை ஆசிரியன் எங்கு, யாரிடம் அறிந்துகொண்டான் என்னும் வினாவும் அதனுடன் சேர்ந்து எழவேண்டும். ஹேர்ஜேயின் போக்கை மாற்றியவன் பெரும் விமர்சகன் அல்லன். அவன் ஒரு பல்கலை மாணவன்; தன் மக்கள் தவறாக வரையப்படுவதைப் பொறுக்காது, வரைபவனோடு அமர்ந்து பேசியவன். இந்நாட்டு மாணவர் இச்செய்தியை மனங்கொள்வாராயின், சித்திரக்கதைகளை வாசித்த பொழுது வீண்போனதாகாது.